தோற்ற தீர்ப்பை உரக்க வாசித்தவர்

சாட்சியாக உங்களை அழைக்கிறேன், வாசகரே. கூண்டில் ஏற வேண்டாம். சத்தியப் பிரமாணமும் வேண்டாம். மாரெட்பள்ளியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் சிறிய அறைக்கு வாருங்கள். அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்காருங்கள். உங்களுக்கு எதிரே மேசைக்குப் பின்னால் இருப்பவர் வழக்கறிஞர். கீழ்நீதிமன்றங்களில் தோற்றவர்களுக்காக மேல்முறையீடு மட்டுமே நடத்துபவர். இதோ, எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துகிறார். மே மாதத்துச் செகந்திராபாத் வெயில் உங்கள் பிடரியில் இறங்குகிறது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நீங்கள் தோற்றுப்போன தீர்ப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசிக்கத் தொடங்குகிறார். முடியும்வரை நீங்கள் பேசக் கூடாது. எழுந்து போகலாம். பலர் போயிருக்கிறார்கள். ஆனால் குறுக்கே பேசக் கூடாது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இங்குள்ள தமிழர்களில் பாதிப் பேர் அவருக்காக வாதாட எழுவார்கள். மீதிப் பேர் எதிராக எழுவார்கள். எனக்கு இரு தரப்பும் வேண்டாம். நீங்கள் பார்த்தால் போதும்.

தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கும். வந்தவருக்கு எந்த மொழி புரியுமோ அந்த மொழியில் அவர் வாசிப்பார். தெலுங்கருக்குத் தெலுங்கில், பழைய நகரத்திலிருந்து வந்தவருக்குத் தக்கணி உருதுவில், நமக்குத் தமிழில். குடும்பத்தின் சொந்த ஊரான பாளையங்கோட்டையை அவர் பார்த்ததெல்லாம் கல்யாணங்களுக்குப் போனபோதுதான். ஆனாலும் வாயில் இருந்தது பாளையங்கோட்டைத் தமிழ். எந்த மொழியானாலும் குரல் ஒன்றே. “குற்றவாளி” என்ற சொல்லையும் “பிற்பகல்” என்ற சொல்லையும் ஒரே கனத்தில் உச்சரிப்பார். கசப்பான இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டார். ஆறுதலான இடத்தில் உயர்த்தவும் மாட்டார். மேடையில் வளர்ந்த எனக்கு அந்தக் குரல் எரிச்சலூட்டியது. ஏற்ற இறக்கம் இல்லாத பேச்சைப் பேச்சென்று ஒப்புக்கொள்ள எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

“கீழ்க்கோர்ட்டு சொன்னதை முழுசாக் கேக்க முடியாதவங்களுக்கு நான் அப்பீல் போடமாட்டேன்” என்பார். “மேல்கோர்ட்டுல உங்களை யாரும் பார்க்கப் போறதில்ல. இந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பாங்க. அதுல என்ன இருக்குன்னு தெரியாம வந்தா எப்படி?”

அந்த வழக்கத்தால் அவர் வென்றதும் உண்டு. வழிப்பறிக் குற்றத்தில் தண்டனை பெற்று ஜாமீனில் வெளியே வந்த ஓர் ஆட்டோக்காரர், வாசிப்பின் நடுவே, “வக்கீல் சாப், அவன் ஜூட்டா!” என்று, சாட்சியைப் பொய்யன் எனக் கத்தியபடி பெஞ்சிலிருந்து துள்ளினாராம். “நக்கோ பாய், பீச் மே நக்கோ” என்று, நடுவில் பேச வேண்டாம் என்பதை அதே தட்டையான குரலில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். ஆட்டோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: தெருவிளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரரே சாட்சி சொல்லியிருக்கிறாரே, பிறகு பறிகொடுத்தவர் எப்படி முகத்தைப் பார்த்தார்? அந்த இருட்டு அதுவரை சாட்சியத்துக்குள்ளேயே கிடந்தது. தண்டனைக்கு எதிரான முதல் மேல்முறையீட்டில் மேல்நீதிமன்றம் எல்லாச் சாட்சியத்தையும் புதிதாக எடை போடும். நியாயமான சந்தேகம் எழுந்தால் விடுவிக்கும். சந்தேகம் எழுந்தது. ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனார்.

சிவில் வழக்குக்கு வந்தவர்களிடம் அவர் இன்னும் கொடுமையாக நடந்துகொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் தம் நிலத்தில் சுவர் எழுப்பிவிட்டார் என்று இரண்டு நீதிமன்றங்களில் தோற்றுவிட்டு வந்த ஒரு பெரியவர், “ஜட்ஜை ஒரே ஒரு வாட்டி வந்து அந்தச் சுவரைப் பாக்கச் சொல்லுங்க சார்” என்று கெஞ்சினார்.

“சுவர் எங்க இருக்குன்னு ரெண்டு கோர்ட்டு சொல்லியாச்சு அய்யா. இனி அது நகராது. ரெண்டாவது அப்பீல்ல ஹைகோர்ட்டு சட்டக் கேள்வியை மட்டும்தான் கேக்கும். அங்க போனா உங்க சுவரு கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. உங்ககிட்ட சட்டக் கேள்வி இல்ல. வெறும் சுவருதான் இருக்கு.”

பெரியவர் படியிறங்கிப் போய், எதிர்த்தரப்பு இவரை விலைக்கு வாங்கிவிட்டது என்று ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கத்தினார். இவர் மாடியிலிருந்து அதையும் முழுவதுமாகக் கேட்டுவிட்டுத்தான் மின்விசிறியைப் போட்டார்.

என்னோடு அவருக்கு நேர்ந்த முதல் மோதல் மேடையில். எங்கள் தேவாலயத்தின் தமிழ் இளைஞர் குழு நடத்திய பட்டிமன்றத்துக்கு அவரை நடுவராக அழைத்திருந்தார்கள். அன்று நான் பேசிய பேச்சை நானே புகழ்வது முறையல்ல. கைதட்டல் அடங்கக் காத்திருந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். தீர்ப்புச் சொல்ல எழுந்தவர் எதிரணியின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிரணியே சொல்லத் தெரியாமல் சொன்னவற்றைத் திருத்தி, வரிசைப்படுத்தி, அசைக்க முடியாதபடி நிறுத்தினார். அவர்கள்தாம் வென்றார்கள் என்று சபை முடிவுகட்டிய நேரத்தில், “ஆனாலும் இந்த அணிக்கே வெற்றி” என்று எங்களைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்காக ஒரு வரியும் இல்லை. வென்ற நாங்கள் தோற்றவர்களைப்போல் மேடையை விட்டு இறங்கினோம்.

தேநீர் வேளையில் நேரே போய்க் கேட்டேன்: “சார், ஜெயிச்சது நாங்க. எங்க பாயிண்ட் ஒண்ணுகூடச் சொல்லலையே?”

“ஜெயிச்சவனுக்கு என்னத்துக்குல விளக்கம்? தோத்தவனுக்குத்தான் எதுல தோத்தோம்னு தெரியணும்” என்று சொல்லி, சமோசாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அவரை நான் வெறுக்க முடிவு செய்தது அன்றுதான். அந்த முடிவில் உறுதியாக நிற்க முடியாமல் போனதற்கு என் பெரியம்மா காரணம்.

பெரியம்மா மௌலா அலியில், ரயில்வே குடியிருப்பை ஒட்டிய தெருவில் இருக்கிறார். பெரியப்பா ரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்று இறந்தவர். ஒரே மகன், என் அண்ணன், உப்பலில் தகடு வெட்டும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார். அழுத்த இயந்திரத்தின் முன்னால் கையைத் தடுக்கும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. ஒரு நாள் அந்தச் சட்டம் கழற்றப்பட்டிருந்தது. இயந்திரம் அண்ணனைக் கையோடு இழுத்துக்கொண்டது. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் சட்டத்தைக் கழற்றச் சொன்னார் என்பது போலீஸ் தொடர்ந்த வழக்கு. விசாரணையில், யார் கழற்றினார்கள் என்று பார்க்கவில்லை என்றார் உடன் வேலை செய்த ஒருவர். இறந்தவர் தாமே சில சமயம் கழற்றுவார் என்றார் இன்னொருவர். மாஜிஸ்திரேட் மேற்பார்வையாளரை விடுதலை செய்தார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தார் தாமே செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. அதனால்தான் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு அந்த மாடிப்படியில் ஏறினேன். வேறு யாரும் விடுதலைக்கு எதிரான வழக்கைத் தொட முன்வரவில்லை.

மின்விசிறி நின்றது. வாசிப்பு தொடங்கியது. பெரியம்மா முந்தானையை இறுகச் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தார். சாட்சியங்களைக் கேட்டார், மருத்துவ அறிக்கையைக் கேட்டார், மகனின் உடலில் இருந்த காயங்களைக் கேட்டார். ஒரே ஒரு வரியில்தான் அவருடைய கை உயர்ந்தது. “இறந்தவர் தம் அஜாக்கிரதையாலேயே தம் மரணத்தைத் தேடிக்கொண்டார்.”

“வக்கீலய்யா, இத்த...”

“முடியட்டும்மா.”

உயர்ந்த கை சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது. வாசித்து முடித்ததும் அவர், “இப்பச் சொல்லுங்க” என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை, இந்தப் பெண் தீர்ப்பைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பின்பு உள்ளதை உள்ளபடியே சொன்னார். “இது விடுதலைக்கு எதிரா போடுத அப்பீல். மலை ஏறுத மாதிரி. சாதாரணமா ஒருத்தனைக் குற்றமில்லாதவன்னுதான் சட்டம் முதல்ல நினைக்கும். கீழ்க்கோர்ட்டு விடுதலை பண்ணிட்டா அந்த நினைப்பு ரெண்டு மடங்கு ஆயிரும். சாட்சியத்தை வச்சு ரெண்டு முடிவுக்கு வரலாம்னு இருந்தா, கீழ்க்கோர்ட்டு எடுத்த முடிவுதான் நிக்கும். மேல இருக்க ஜட்ஜம்மா உங்களை நம்பலாம். நம்பிக்கிட்டே உங்களைத் தோக்கடிக்கவும் செய்யலாம்.”

“நம்பினா போதும் வக்கீலய்யா” என்றார் பெரியம்மா.

அவர் தலையசைத்தார். அந்தப் பதிலில் ஒரு கோரிக்கை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மனு தயாரானது: விடுதலையை ரத்து செய்க, குற்றவாளியைத் தண்டிக்க. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

விசாரணை நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரான இளைஞர், எங்கள் வழக்கறிஞரின் தோளில் கை வைத்துச் சிரித்தார். “சார், மா வாதம் அந்தா மீரே செப்பேஸ்தாரு. மாகேம் பனி?” எங்கள் வாதத்தையெல்லாம் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், எங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறார். சுற்றியிருந்த கறுப்பு அங்கிகள் சிரித்தன. அவர் மட்டும், “ஹவ், ஹவ்” என்று அதையும் ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் பெரியம்மா அவர் அருகில் போய் நின்றார்.

“வக்கீலய்யா, அந்த ஆளை ஜெயில்ல போடலைன்னாலும் பரவாயில்ல. எம்புள்ள தன்னாலதான் செத்தான்னு எழுதிக்கிறாங்களே, அத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்க. வண்டியில ஏறினா ஹெல்மெட் பட்டை மாட்டாம ஸ்டார்ட் பண்ண மாட்டான் அவன். தெருவுல எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்கோ, கோர்ட்டே எழுதிடுச்சு, பையன் மேலதான் தப்புன்னு. எனக்கு அந்த வரிதான் வேணாம்.”

“இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“சொல்ல வந்தேன்.”

வழக்கறிஞர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று ஓடி மறைந்தது. அதற்குள் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வழக்கம்போல் எதிர்த்தரப்பின் பலத்திலிருந்தே தொடங்கினார். இரும்புச் சட்டம் கழற்றப்பட்டதை நேரில் பார்த்தவர் இல்லை. இறந்தவரே கழற்றுவதுண்டு என்று ஒரு சாட்சி சொல்கிறார். இரண்டு முடிவுக்கும் இடமுண்டு என்று நீதிபதி கருதக்கூடும். பின்வரிசையில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரரைக் காப்பாற்றிய அதே சந்தேகம் இங்கே மேற்பார்வையாளரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை எங்கள் வழக்கறிஞரே எழுந்து நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

பிறகு தம் பக்கத்தைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். கடைசியில், விடுதலை நின்றாலும் அந்த ஒரு வரியாவது நீக்கப்பட வேண்டும் என்று கேட்டார். இறந்தவர் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல. அவர் சார்பில் பேச யாரும் அழைக்கப்படவில்லை. கேட்கப்படாத ஒருவர் மேல் பழி எழுதுவது முறையல்ல. நீதிபதி அம்மையார் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு இளைஞர் அடுத்த வழக்கின் காகிதங்களில் மூழ்கியிருந்தார். எனக்கு மூச்சு திரும்பியது. அத்தோடு எங்கள் வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டிருக்கலாம். எந்தச் சட்டமும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

அவர் நின்றார். “இந்தக் கோரிக்கை என் மனுவில் இல்லை என்பதையும் கோர்ட்டுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.”

இளைஞர் நிமிர்ந்தார், எழுந்தார், ஆட்சேபித்தார்.

தீர்ப்பு வேறொரு நாளில் வந்தது. விடுதலை உறுதி செய்யப்பட்டது. கீழ்நீதிமன்றம் எடுத்த முடிவு எடுக்கக்கூடிய முடிவே என்றார் நீதிபதி. மனுவில் கோராத நிவாரணத்தை ஆராய வேண்டியதில்லை என்றார். கீழ்நீதிமன்றம் எந்தக் காரணங்களால் அந்த முடிவுக்கு வந்தது என்று காட்டுவதற்காக, அதன் வரிகள் சிலவற்றை அப்படியே எடுத்தெழுதியிருந்தார். ஒரு தீர்ப்பில் இருந்த வரி இப்போது இரண்டு தீர்ப்புகளில் இருந்தது.

அவர் தம் கடமையைச் செய்தார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத்திடம் ஒளிக்காத ஒருவர் இந்த ஊரில் இருந்தார் என்று மேடைகளில் அவரைப் புகழ்கிறார்கள். நான் அந்த மேடைகளில் ஏறுவதில்லை. எதிரி சொல்வதைக் கடைசி எழுத்து வரை கேட்கப் பழகிய அந்தக் காதுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் சொல்ல வந்தது கேட்கவில்லை. இதை அவருடைய நேர்மை ஈடுசெய்துவிட்டதா? என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. உங்களைச் சாட்சியாக அழைத்ததும் அதனால்தான்.

உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதைத் தாக்கல் செய்த அவர் அடுத்த கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா இசையவில்லை. “அவரு எழுதினது அங்கதானே கீது? அது பேசும்” என்கிறார். அது பேசாது என்பது எனக்குத் தெரியும். வழக்குப் பட்டியலில் இறந்த மகனுக்காக இறந்த வழக்கறிஞரின் பெயர் நிற்கிறது.

அந்த மனு பிறந்த நாளை நான் பார்த்தேன். தீர்ப்பு வந்த அன்று தாழ்வாரத்தில் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். காவலர்கள், குமாஸ்தாக்கள், சங்கிலியோடு உட்கார்ந்திருந்த ஒரு கைதி, தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்த எதிர்த்தரப்பு இளைஞர்.

“நீங்க ஏன் சார் அதைச் சொன்னீங்க? அந்த எதிர் வக்கீலுக்குத் தெரியவே தெரியாதே!” என்று நான் கத்தினேன். மேடைக்கென்று பழக்கிய குரல். தாழ்வாரம் முழுவதும் கேட்டது.

“மனுவுல இல்லாததை இருக்க மாதிரிக் காட்டி வாங்குனா, அது நாளைக்கு நிக்காது தம்பி.”

“இன்னைக்கே நிக்கலையே!”

பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். “வாடா கண்ணு, ஆட்டோ புடி. அவரு இன்னா பண்ணுவாரு.” மன்னிப்பதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை. வீட்டுக்குப் போகத்தான் கேட்டார்.

நாங்கள் படிக்கட்டை அடைவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. இளைஞர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். காவலர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் தாழ்வாரத்தின் நடுவில், எல்லார் பார்வையும் விழும் இடத்தில், தீர்ப்பின் நகலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“எம்மா, நில்லுங்க! அந்த ஒரு வரிக்காக மட்டும் ஹைகோர்ட்டுக்குப் போடுதேன். ஜெயிப்பேன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல் பத்தியில என்ன எழுதுவேன்னு இப்பவே, இத்தனை பேருக்கு முன்னால சொல்லுதேன். இந்த வழக்குல அஜாக்கிரதைன்னு ஒண்ணு இருந்தா, அது செத்துப்போன பையனோடது இல்ல, அவன் அம்மாவுக்கு வாதாட வந்த வக்கீலோடது. அப்படியே எழுதி, கீழ என் கையெழுத்தைப் போடுதேன்.”